பின்னத் தெரிந்த கைக்குக் கூலி கேட்கவும் தெரிய வேண்டும்!

இரண்டு நிற லேஸ் சால்வை சொல்லித் தரும் பாடம்

மேடையில் ஒருவருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். கூட்டம் கை தட்டுகிறது. படம் பிடிக்கிறார்கள். அடுத்த நிமிடம் அந்தச் சால்வை மடிக்கப்பட்டு மூலைக்குப் போகிறது.

போர்த்தியவர் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறது. போர்த்திக்கொண்டவர் பெயரும் வருகிறது. சால்வையைச் செய்தவர் பெயர் மட்டும் வருவதில்லை!

தமிழ்நாட்டில் சால்வைக்கு மதிப்பு உண்டு. அதைச் செய்த கைக்கு அந்த மதிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் குறை தீர ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது ஒரு சால்வையைத் தம் கையால் பின்னிப் பார்க்க வேண்டும். அதுவும், ஓட்டை ஓட்டையாகப் பூ விழும் லேஸ் சால்வை. அதுவும் இரண்டு நிறத்தில்!

அப்படி ஒரு தடவை பின்னி முடித்தவர், பிறகு எந்தக் கைவேலையையும் அடிமாட்டு விலைக்குக் கேட்க மாட்டார். தம் கைவேலையை அந்த விலைக்குக் கொடுக்கவும் மாட்டார்.

வெயில் ஊரில் சால்வையா?

நசரத்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை அங்கேதான் நெடுஞ்சாலையைக் கடக்கிறது. லாரியும் பஸ்ஸும் ஓயாத இடம். சித்திரை மாதத்தில் வெயில் கொளுத்தும்.

அந்த ஊரில் ஒரு பெண் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால் என்ன நடக்கும்?

"ஏண்டி, விசிறி தேடற ஊர்ல கம்பளிச் சால்வையா?" என்று வீட்டுப் பெரியவள் கேட்பாள்.

"கம்பளி இல்லை ஆயா, பருத்தி நூல்!" என்று பேத்தி சொல்லலாம். சொன்னால் அது சரியான பதில்.

பின்னல் என்றால் குளிர் நாட்டுச் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் துணிகளுள் சில, எகிப்து நாட்டில் கிடைத்தவை. கி.பி. 11-ம் நூற்றாண்டுக்கும் 14-ம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அவை காலுறைகள். கம்பளியால் ஆனவை அல்ல. பருத்தி நூலால் ஆனவை. நிறமும் ஒன்றல்ல. வெள்ளையும் நீலமும்!

வெயில் நாடு. பருத்தி நூல். இரண்டு நிறம். நசரத்பேட்டைப் பெண் செய்ய நினைப்பதும் அதுதானே?

சால்வைக்கு வேலையும் இல்லாமல் போகாது. மார்கழிப் பனியில் முதல் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்சாதன அறையில் எட்டு மணி நேரம் உட்காருபவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்த குழந்தையைச் சுற்ற ஒரு மெல்லிய துணி எல்லா வீட்டுக்கும் வேண்டும்.

பனியனைப் பாருங்கள்!

பின்னல் என்பது என்ன? நெசவு வேறு, பின்னல் வேறு.

நெசவில் பாவு உண்டு, ஊடை உண்டு. ஒரு நூல் நீளவாட்டில் போகும். இன்னொரு நூல் குறுக்கே போகும். பின்னலில் அப்படி இல்லை. ஒரே நூல்தான். அது கண்ணி கண்ணியாக வளைந்து போகிறது. பழைய கண்ணியின் வழியாகப் புதுக் கண்ணி வெளியே வருகிறது. அவ்வளவுதான் வித்தை!

இதைப் பார்க்க வெளியூர் போக வேண்டாம். வீட்டில் காயும் பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முன்பக்கம் சின்னச் சின்ன அம்பு முனைகள் வரிசையாகத் தெரியும். பின்பக்கம் மேடு மேடாகத் தெரியும். பனியன் இழுத்தால் நீள்வதும், ஒரு நூல் அறுந்தால் ஏணி போல ஓடுவதும் இந்தக் கண்ணிகளால்தான்.

திருப்பூரில் இயந்திரம் செய்வதும் இதே கண்ணி. பேத்தியின் ஊசி செய்வதும் இதே கண்ணி. 1589-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் பின்னல் சட்டத்தைக் கண்டுபிடித்தார். கை செய்த வேலையைப் பார்த்துத்தான் அந்த இயந்திரம் பிறந்தது.

ஆகவே, தமிழ்நாட்டில் பனியன் போடும் எவரும் பின்னலுக்கு அந்நியர் அல்ல.

மல்லிகையும் கனகாம்பரமும்

"எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும் தாய்மார்கள் பலர். அவர்கள் பூக்கட்டும்போது தங்கள் விரலைக் கவனித்ததில்லை!

பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்றும் பெயர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. அவர் பூந்தோட்டம் வைத்து, மாலை கட்டி, காஞ்சி வரதராசப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அந்த வட்டாரத்தில் பூக்கட்டத் தெரியாத வீடு அரிது. ஊசி இல்லாமல், பார்வை வேறு பக்கம் இருக்க, விரல் தானாக முடிச்சுப் போடுகிறது. நூலை இறுக்கினால் காம்பு நறுங்கும். தளர விட்டால் பூ உதிரும். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். பின்னலில் கடினமான பாடம் அந்த இறுக்கம்தான். அதைப் பூக்கட்டுபவர் முன்பே படித்துவிட்டார்.

நாலு மல்லிகை, நாலு கனகாம்பரம் என்று மாற்றி மாற்றி வைத்துக் கட்டுகிறார்களே, அது என்ன? இரண்டு நிற வேலை!

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார்களே, அது என்ன? எண்ணிப் போடும் வேலை! லேஸ் பின்னலின் படத்தைப் பார்த்தால் அதுவும் புள்ளிக் கோலம் போலத்தான் இருக்கும். கட்டம் கட்டமாகத் தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி.

புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. பின்னல் குறிப்பு என்பது படிக்க வேண்டிய ஒன்று. "மூன்று கண்ணி நேராகப் பின்னு" என்று எழுதியிருக்கும். படிக்க வேண்டும், எண்ண வேண்டும், செய்ய வேண்டும். படித்தது சரியா என்று துணியே சொல்லிவிடும். இதைவிட நல்ல வாசகப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

ஆறு கூட்டு, ஆறு கழி

முதல் சால்வைக்குக் கடினமான மாதிரி வேண்டாம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்டு என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே வழிவழியாக வரும் அலைப் பின்னல் ஒன்று உண்டு. நாலே வரிசையில் முடிவது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு. 4 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு ஊசி. மூங்கில் ஊசியாக இருந்தால் கண்ணி வழுக்காது. வெளிர் நிறம் ஒன்று, அடர் நிறம் ஒன்று, ஒரே பருமனுள்ள இரண்டு நூல் உருண்டைகள்.

ஊசியில் 42 கண்ணி ஏற்ற வேண்டும். இரண்டு ஓரத்திலும் மும்மூன்று கண்ணி கரைக்கு. அவற்றை எப்போதும் நேராகவே பின்ன வேண்டும். நடுவில் இருப்பது 36. அதாவது 18, 18 ஆக இரண்டு பங்கு.

முதல் வரிசை: எல்லாம் நேர்ப் பின்னல். 'நிட்' என்று சொல்வது இதைத்தான்.

இரண்டாம் வரிசை: கரையை விட்டு, நடுவில் எல்லாம் எதிர்ப் பின்னல். 'பர்ல்' என்பது இது.

மூன்றாம் வரிசைதான் பூ விழும் வரிசை. 18 கண்ணியில் செய்ய வேண்டியது இது. இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது, மூன்று தடவை. பிறகு, நூலை ஊசி மேல் ஒரு சுற்று சுற்றி ஒரு கண்ணி பின்னுவது, ஆறு தடவை. மறுபடியும் இரண்டிரண்டைச் சேர்ப்பது, மூன்று தடவை. அடுத்த 18-க்கும் இப்படியே.

நாலாம் வரிசை: எல்லாம் நேர்ப் பின்னல்.

கணக்கைப் பாருங்கள். இரண்டை ஒன்றாக்கும்போது ஒரு கண்ணி குறைகிறது. ஆறு தடவை செய்தால் ஆறு குறையும். நூலைச் சுற்றும்போது ஒரு கண்ணி கூடுகிறது. ஆறு தடவை சுற்றினால் ஆறு கூடும். ஆறு கூட்டு, ஆறு கழி. 18 மறுபடியும் 18!

சுற்றின இடத்தில் ஓட்டை விழுகிறது. அதுதான் லேஸ். சேர்த்த இடம் இறுகுகிறது. சுற்றின இடம் விரிகிறது. அதனால் துணி வளைந்து அலை எழும்புகிறது. செம்பரம்பாக்கம் ஏரியில் காற்று அடித்தால் தெரியுமே, அதைப் போல.

நாலு வரிசை முடிந்ததும் நிறத்தை மாற்ற வேண்டும். ஏன் நாலு? நாலு என்பது இரட்டைப்படை. நூல் எந்த ஓரத்தில் புறப்பட்டதோ அந்த ஓரத்துக்கே திரும்பி வருகிறது. மற்ற நிறம் அங்கேயே காத்திருக்கிறது. நூலை வெட்ட வேண்டாம். இரண்டையும் ஒரு முறுக்கு முறுக்கி அடுத்ததைத் தொடங்கலாம். மூன்று வரிசையில் மாற்ற நினைத்தால் நூல் எதிர் ஓரத்தில் போய் நிற்கும்!

இதனால்தான் முதல் சால்வையே இரண்டு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது. ஒரே நிறத்தில் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது புதியவருக்கு மறந்துபோகும். இரண்டு நிறத்தில் மறக்காது. நிறம் மாறியதா? முதல் வரிசை. தவறு நேர்ந்தாலும் எந்தப் பட்டையில் நேர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

மாதிரித் துண்டு நன்றாக வந்துவிட்டால், 18-ஐப் பெருக்கிக்கொண்டே போகலாம். ஐந்து பங்கும் கரையும் சேர்த்தால் 96 கண்ணி. ஒரு சால்வையின் அகலம் கிடைத்துவிடும்.

பிரிப்பதில் வெட்கம் இல்லை

வெட்டின துணி ஒட்டாது. சுட்ட மண் மறுபடி குழையாது. பின்னல் அப்படி அல்ல. பிரித்தால் நூல் முழுசாகத் திரும்பி வரும். பத்து வரிசை பிரித்தால் பத்து வரிசை நூலும் கையில் இருக்கும்.

ஆனால் லேஸைப் பிரிப்பது கொஞ்சம் சங்கடம். ஓட்டைகளில் கண்ணி நழுவிப்போகும். அதற்கு அனுபவசாலிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒரு தடவை, தையல் ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணியின் வழியாகவும் இழுத்து விடுவார்கள். அது காவல் நூல். பிறகு என்ன தவறு நேர்ந்தாலும் அந்த நூல் வரைக்கும் பிரித்தால் போதும். அதற்குக் கீழே ஒரு கண்ணியும் நழுவாது.

முடித்த சால்வை ஊசியிலிருந்து வரும்போது சுருங்கிய கந்தல் போலத்தான் இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து மனம் உடைந்து போகிறார்கள். உடைய வேண்டாம். தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் பிழிந்து, பாயின் மேல் இழுத்து விரித்து, ஓரத்தில் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். காய்ந்ததும் ஓட்டைகள் கண் திறக்கும். அலை அலையாக எழும். அப்போதுதான் அது சால்வை!

பருத்தி நூலில் ஒரு குறை உண்டு. கம்பளியைப் போல அது நீண்டு கொடுக்காது. அதனால் கை வலிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளை உதறுங்கள். இருட்டில் பின்னாதீர்கள். அடர் நிற நூலைப் பகல் வெளிச்சத்தில் பின்னுவது கண்ணுக்கு நல்லது.

செல்போனில் பார்த்தும் கற்கலாம். ஆனால் முதல் வாரம் ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது மேல். "நூலை இறுக்காதேம்மா, விடு" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் காட்ட செல்போனுக்குக் கை இல்லை.

நாகர்கோவில் சொன்ன செய்தி

லேஸ் வேலை தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

1819-ம் ஆண்டு சார்லஸ் மால்ட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் வேலை சொல்லிக் கொடுத்தார். அது ஊசிப் பின்னல் அல்ல. திண்டின் மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னும் லேஸ். அவர் மகள் எலைசா, 1844-ல் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்கு அந்த வேலையைக் கொண்டுபோனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான்.

அந்தக் காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானத்தில் அடிமை முறை இருந்தது. 1855-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் வேலையில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது.

நூலால் அறுந்தது சங்கிலி!

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதே சமஸ்தானத்தில், அதே காலத்தில், பல சாதிப் பெண்களுக்குத் தோளில் சீலை போடும் உரிமையே இல்லை. தோள்சீலைப் போராட்டம் 1822-ல் தொடங்கியது. 1859-ல் மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியால் மார்பை மறைக்கலாம் என்று அனுமதி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

தோளில் ஒரு துணி என்பது வெறும் அலங்காரம் அல்ல. அதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அந்த வரலாறு தெரிந்தவர்கள் ஒரு சால்வையை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

நாகர்கோவில் சொன்ன செய்தி இதுதான்: கைவேலைக்குக் கூலி கிடைத்தது, அந்தக் கூலி வேலை செய்தவளின் கைக்கே வந்தது. அதனால் விடுதலை கிடைத்தது. கூலி வேறு கைக்குப் போயிருந்தால்?

தேயிலைக்குச் சால்வை

அதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது.

ஷெட்லாண்டுப் பெண்களின் லேஸ் சால்வை உலகப் புகழ் பெற்றது. ஒரு பெரிய சால்வை முழுவதையும் கல்யாண மோதிரத்தின் வழியாக இழுத்துவிடலாம். அவ்வளவு மெல்லிசு!

ஆனால் பின்னிய பெண்களுக்குக் கிடைத்தது என்ன? பணம் அல்ல. கடைக்காரர்கள் சால்வையை வாங்கிக்கொண்டு தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். வீட்டில் மாவு இல்லாதவள், கிடைத்த தேயிலையை எடுத்துப்போய் மாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் கொடுமையை விசாரிக்க பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு கமிஷனையே வைத்தது. 1872-ல் அதன் அறிக்கை வெளிவந்தது.

ஷெட்லாண்டு தூரம் என்றால் நரசாப்பூர் பக்கம்தான். ஆந்திராவில், கோதாவரிக் கரையில் இருக்கிறது. கொக்கி ஊசியால் லேஸ் பின்னும் பெண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அங்கே சென்று ஆராய்ந்து, 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? லேஸ் வெளிநாட்டுக்குப் போனது. வியாபாரிகளுக்கு லாபம் வந்தது. பின்னிய பெண்களுக்கு மிகச் சொற்பக் கூலி. ஏன்? "அவர்கள் வீட்டுப் பெண்கள். சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லப்பட்டது. நாள் முழுதும் உழைத்தவர்களுக்குத் தொழிலாளி என்ற பெயரே கிடைக்கவில்லை.

"சும்மா இருக்கும் நேரம்" என்ற இரண்டு மூன்று வார்த்தை எத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறது, பார்த்தீர்களா?

நோட்டில் எழுதுங்கள்

ஆகவே, பின்னக் கற்கும் முதல் நாளே ஒரு நோட்டு வாங்க வேண்டும். இடது பக்கம் நூலின் விலை. வலது பக்கம் உட்கார்ந்த நேரம். கால் மணி நேரம் பின்னினாலும் எழுத வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூல் 400 ரூபாய். பின்ன ஆன நேரம் 50 மணி. சால்வையை 1,000 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். "அடேயப்பா, 600 ரூபாய் லாபம்!" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

600-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 12 ரூபாய்! அந்தப் பணத்துக்கு இப்போது ஒரு டீ கிடைத்தால் பெரிது. அது லாபமா? இல்லை. பாடுபட்டவள் தன் கூலியை வாங்குபவருக்குத் தானம் செய்துவிட்டாள்!

"கடையில் இயந்திரச் சால்வை மலிவாகக் கிடைக்கிறதே, இதை யார் வாங்குவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இயந்திரத்தோடு விலையில் போட்டி போட முடியாது. போடவும் கூடாது. கையால் பின்னியது என்று தெரிந்து, அதை மதித்து வாங்குபவருக்கு விற்க வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால் விற்க வேண்டாம். பெற்ற மகளுக்குக் கொடுக்கலாம். பிரசவத்துக்கு வந்த நாத்தனாருக்குக் கொடுக்கலாம். அன்புக்குக் கொடுப்பது வேறு, ஏமாந்து கொடுப்பது வேறு.

இன்னொரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று வருபவர்கள் உண்டு. வேலை கொடுப்பவர்தான் கூலி கொடுக்க வேண்டும். வேலை செய்பவர் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்? அப்படிக் கேட்பவருக்கு வாசலைக் காட்டிவிடுங்கள்.

தனியாகப் பேரம் பேசினால் குரல் எழும்பாது. நாலு பேர் சேர்ந்தால் எழும்பும். சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதைச் சென்னையிலேயே பார்த்தாகிவிட்டது. 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர், கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்துச் சென்னையில் ஒரு போர்வை விரித்தார்கள். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! கின்னஸ் புத்தகத்தில் உலகச் சாதனையாக ஏறியது. சாதனைக்குச் சேர்ந்த கைகள் கூலிக்கும் சேர முடியாதா?

பையனுக்கும் ஊசி

கடைசியாக ஒன்று. இதைப் பெண் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலைதான் நடந்ததாகும்.

"ஆண் பிள்ளை ஊசி பிடிப்பதா?" என்று முகம் சுளிப்பவர்கள் சுற்றிலும் பார்க்க வேண்டும். மாலை கட்டிய திருக்கச்சி நம்பிகள் ஆண். பின்னல் சட்டம் கண்டுபிடித்த வில்லியம் லீ ஆண். நசரத்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆவடி இருக்கிறது. அங்கே 1961-ல் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலையில் வீரர்களுக்குச் சீருடை தைக்கிறார்கள். அங்கே ஆண்கள் ஊசியும் நூலுமாக உழைக்கவில்லையா? தென் அமெரிக்காவில், பெரு நாட்டு ஏரி ஒன்றின் நடுவே தக்கீலே என்ற தீவு இருக்கிறது. அங்கே பின்னல் ஊசி ஆண்களின் ஆயுதம். பையன்கள் சிறுவயதிலேயே தொப்பி பின்னக் கற்றுவிடுகிறார்கள்.

பையனுக்கு ஏன் சொல்லித் தர வேண்டும்? அவன் நாளைக்கு ஒரு பெண்ணுக்குக் கணவன் ஆவான். கடை வைத்தால் கைவேலையை விலைக்கு வாங்குபவன் ஆவான். ஒரு வரிசை பின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று அவன் விரலுக்குத் தெரிந்திருந்தால், "சும்மா உட்கார்ந்து பின்னினதுதானே?" என்று அவன் வாய் சொல்லாது.

நூலை வாங்குங்கள். 42 கண்ணி ஏற்றுங்கள். தவறினால் பிரித்துப் போடுங்கள். வெளிர் நிறம் நாலு வரிசை, அடர் நிறம் நாலு வரிசை என்று அலை வளரட்டும்.

நூலின் விலையை எழுதும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது. நேரம்தான் ஏழையின் முதல். அதைக் கணக்கில் எழுதாத வீடு என்றைக்கும் கடன்காரர் வீடுதான்!